கோரிக்கை மனு: சிறுவர் கையில் தின்னரும் சொல்யூஷனும் சேராமல் தடுக்க வேண்டுதல்

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம், ஓசூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: முகரும் போதைப் பழக்கத்திலிருந்து சிறாரைக் காக்க நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

பெயிண்ட் பட்டறைக்குத் தின்னரும் பஞ்சர் கடைக்குச் சொல்யூஷனும் இல்லாமல் ஓசூரில் ஒரு நாள் வேலை ஓடாது. அதே பொருள்களைச் சில சிறுவர்கள் போதைக்காக முகர்கிறார்கள். துணியில் நனைத்து உள்ளங்கைக்குள் பொத்தி மூக்கருகே வைத்துக்கொள்கிறார்கள். பாலித்தீன் பையில் பிதுக்கி மூச்சை இழுக்கிறார்கள். பார்ப்பவருக்குச் சளிக்குக் கைக்குட்டை வைத்திருப்பதாகவே தோன்றும்.

தின்னரிலும் சொல்யூஷனிலும் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்கள் சில நொடிகளில் மூளையை எட்டுகின்றன. பழக்கம் நீடித்தால் நினைவாற்றலும் நடையும் தடுமாறும். சிறுநீரகமும் செவியும் பாதிக்கப்படும். இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் முறையிலேயே உயிர் போகவும் கூடும். முகர்ந்த நிலையில் இருக்கும் சிறுவனைத் துரத்துவதும் மிரட்டுவதும் அந்த ஆபத்தை அதிகமாக்கும்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரும், 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காட்டினரும் இப்படி முகர்கிறார்கள். பெரியவர்களைவிடச் சிறாரிடம் மிகுந்து காணப்பட்ட ஒரே போதைப் பழக்கம் இதுதான்.

போதைக்காக முகரப்படுவதால், பாட்டிலில் அடைத்த ஒயிட்னரின் சில்லறை விற்பனைக்கு 2012-இல் மத்திய அரசு தடை விதித்தது. ஆனால் பெயிண்ட் தின்னரும் பஞ்சர் சொல்யூஷனும் தொழிலுக்குத் தேவை என்பதால் தாராளமாக விற்கப்படுகின்றன. எல்லையோர ஜூஜூவாடியில் தர மறுத்தால் எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வாங்கிக்கொள்ள முடியும்.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தர வேண்டுகிறோம்:

1. பெயிண்ட், ஹார்டுவேர், சைக்கிள் உதிரிபாகக் கடைகள் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தின்னரையும் சொல்யூஷனையும் விற்கக் கூடாதென உத்தரவிட்டு, தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் அறிவிப்புப் பலகை வைக்கச் செய்ய வேண்டும்.

2. ஸ்டேஷனரி கடைகளில் ஒயிட்னருக்கான 2012 தடை பின்பற்றப்படுகிறதா எனச் சோதிக்க வேண்டும்.

3. பட்டறைகளில் தின்னரைப் பூட்டி வைத்து இருப்புப் பதிவேடு பராமரிக்கச் செய்ய வேண்டும். அங்கே சிறார் வேலை செய்தால் மீட்க வேண்டும்.

4. பிடிபடும் சிறுவரை அடிக்காமல், துரத்தாமல் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கக் காவல்துறைக்கு அறிவுறுத்த வேண்டும். ஓசூர் அரசு மருத்துவமனையில் சிறாருக்கெனத் தனி மனநல ஆலோசனை நேரம் ஒதுக்க வேண்டும்.

5. பள்ளிகளிலும் வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் 1098 (குழந்தைகள் உதவி), 14446 (போதை மீட்பு) உதவி எண்களை அவரவர் மொழியில் எழுதி வைக்க வேண்டும்.

6. பெங்களூரு நகர்ப்புற மாவட்ட நிர்வாகத்துடன் பேசி, அத்திப்பள்ளி அடங்கிய ஆனேக்கல் வட்டத்திலும் இதே விற்பனைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வர வழி செய்ய வேண்டும்.

கடை கடையாகச் சென்று அறிவிப்பு ஒட்டவும், பெற்றோரைச் சந்தித்துப் பேசவும் எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர். மாவட்டப் போதைப்பொருள் தடுப்பு ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இம்மனுவை எடுத்துக்கொண்டு, எடுக்கும் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: ஓசூர்

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கிருஷ்ணகிரி, சார் ஆட்சியர், ஓசூர், மாநகராட்சி ஆணையர், ஓசூர்.