உழைப்பாளர் சிலையும் நம்ம ஊர் உழைப்பாளியும்



சென்னை மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். பார்க்காதவர்கள் மே தினப் போஸ்டரிலாவது பார்த்திருப்பீர்கள். நாலு ஆட்கள், ஒரு பாறை. அவ்வளவுதான் சிலை. ஆனால் அந்த ஒரே சிலையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் கருத்துகளையும், அவற்றிலிருந்து எனக்குத் தோன்றிய ஒன்றையும் எழுதுகிறேன். மலர்க் குழு அண்ணன்மார் கத்தரி போடாமல் விட்டால் நீங்கள் முழுவதும் படிக்கலாம்!

முதலில் சிலையின் சரித்திரம். இதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்துக்காரர். 1929 முதல் ஏறக்குறைய முப்பது வருடம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். டெல்லியில் லலித் கலா அகாடமி 1954-ல் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். மெரினாவில் கைத்தடியோடு நடந்து வருகிறாரே காந்தி, அந்தச் சிலையும் இவர் செய்ததே. உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு தினத்துக்கு முந்தின நாள், நிறுவப்பட்டது. அப்போது முதலமைச்சர் யார்? நம்ம விருதுநகர் காமராசர்! இன்று சிலைக்கு முன்னால் போகிற ரோட்டுக்குப் பெயரும் காமராசர் சாலை. ஆக, சிலைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு செய்தி. இந்தச் சிலைக்காகச் சிற்பி முன்னால் மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்த ஓவியக் கல்லூரியின் இரவுக் காவலாளி, இன்னொருவர் அங்கே படித்த மாணவர் என்று சொல்கிறார்கள். ராஜாவோ தலைவரோ இல்லை, வாட்ச்மேன்! மெரினா நெடுக எத்தனை சிலைகள்! 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த வள்ளுவர், கண்ணகி, ஔவை, பாரதி, ஜி.யு.போப் என்று வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் கீழே பெயர் உண்டு. இந்த நாலு பேருக்கு மட்டும் பெயர் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்த விஷயத்துக்கு வருவேன்.

சென்ற வருடம் எங்கள் டிபார்ட்மெண்டில் இன்டஸ்ட்ரியல் விசிட் என்று சென்னை போனோம். பார்க்க வேண்டிய கம்பெனியைப் பார்த்து முடித்து, சாயங்காலம் பஸ் மெரினாவில் நின்றது. பாதிப் பேர் இறங்கின வேகத்தில் அலையைப் பார்த்து ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சிலைக்கு முன்னால் நின்றோம்.

சிவில் நண்பன் ஒருவன் எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் சொன்னது: "இதுக்குப் போயி நாலு பேரா? ஜேசிபி வந்தா அஞ்சு நிமிஷ வேலைடா." எல்லோரும் சிரித்தோம். அடுத்தவன், "உடம்பைப் பாரு, ஜிம் பாடி! கூலி வேலை பாக்குறவனுக்கு ஏதுடா இம்புட்டுச் சதை?" என்றான். இது நியாயமான கேள்விதான். ராய் சவுத்ரி மல்யுத்தம் பழகியவர் என்பார்கள். அதனால்தானோ என்னவோ முதுகும் தொடையும் அப்படி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. நம் ஊரில் லோடு ஏற்றுகிற அண்ணன்மார்களுக்கு எலும்புதான் முறுக்கிக்கொண்டு தெரியும்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் சொன்னதுதான் எல்லாரையும் சும்மா இருக்க வைத்தது. "நாலு பேர்ல ஒரு பொம்பளகூட இல்லையே?" என்றார். எங்கள் கோஷ்டியில் ஒருவன் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டான். எப்படிச் சொல்வான்? அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறார். என் அம்மா சரவெடி பின்னுகிறார்.

பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று சிலையைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பையனும் பாறையைத் தள்ளுகிற மாதிரி போஸ் கொடுத்தான். சுண்டல் விற்ற பெரியவரிடம், "தாத்தா, இந்தச் சிலை எப்படி?" என்று கேட்டேன். "பஸ் ஸ்டாப்புப் பேருப்பா அது" என்றார். அவ்வளவுதான் அவர் கருத்து. எதிரே சென்னைப் பல்கலைக்கழகம், இந்தப் பக்கம் கடல், நடுவில் தினம் தினம் ஆயிரக்கணக்கான ஆட்கள் "உழைப்பாளர் சிலை ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கி இறங்கிப் போகிறார்கள். நிமிர்ந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

என் பங்குக்கு எனக்கு வந்த சந்தேகம் மெக்கானிக் சந்தேகம். இங்கிலீஷில் இந்தச் சிலைக்கு வைத்த பெயர் ட்ரையம்ப் ஆஃப் லேபர். அதாவது உழைப்பின் வெற்றி. ஆனால் சிலையில் வெற்றி எங்கே இருக்கிறது? பாறை இன்னும் நகரவில்லையே! நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் படி பார்த்தால், வேலை என்பது விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கி வருவது. இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்றால் வேலையும் பூஜ்யம். நாலு பேரும் 1959-ல் இருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்; கணக்குப் புத்தகத்தில் பூஜ்யம்! பீஸ் ரேட் போடுகிற எந்த முதலாளியும் இந்தப் பார்முலாவைச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து செல்போனில் படத்தை அம்மாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டினவன் நான்தான் முதல். அதனால் நான் எங்கே போய் வந்தாலும் அம்மாவுக்குக் கதை சொல்லியாக வேண்டும். படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது: "ஏய்யா, இதுல போர்மேன் எங்க?" நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "இல்லய்யா, நாலு பேரு ஒண்ணா நெம்புறாகன்னா ஒருத்தன் சத்தம் குடுக்கணும்ல? இல்லாட்டி கல்லு ஒருத்தன் கால் மேல உருண்டுரும்."

மெரினாவில் கேட்ட எல்லாக் கருத்துகளையும் விட இதுதான் சிலையைச் சரியாகப் பார்த்த பார்வை என்பது என் தாழ்மையான கருத்து. நாங்களெல்லாம் உடம்பைப் பார்த்தோம், பாறையைப் பார்த்தோம். வேலை பார்க்கிறவர் ஆபத்தைப் பார்க்கிறார்.

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு நகரம் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் தொழிலாளிகள் போராடிய ஊர். மே தினமே அங்கிருந்து வந்ததுதான். அதே மே தினத்தை 1923-ல் இந்தியாவில் முதன்முதலாகச் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். அந்தச் சிகாகோ நகரத்தின் நடுவே இன்று மில்லினியம் பூங்கா என்று ஒன்று உண்டு. அங்கே கிளவுட் கேட் என்கிற பளபளப்பான சிலை. மும்பையில் பிறந்த அனீஷ் கபூர் செய்தது. பார்க்க அவரை விதை மாதிரி இருப்பதால் ஜனங்கள் அதை 'பீன்' என்றே கூப்பிடுகிறார்கள். 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை வெல்டிங் செய்து, ஒட்டு இருந்த இடமே தெரியாமல் தேய்த்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சுமார் 100 டன். வெல்டிங் ஷாப்பில் பீட் நேராக வராமல் சாரிடம் திட்டு வாங்குகிற நமக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஆனால் அங்கே போகிற ஜனங்கள் பார்ப்பது வெல்டரின் கையை அல்ல. கண்ணாடி மாதிரி அதில் தெரிகிற தங்கள் மூஞ்சியைத்தான். அழகான சிலைதான், நான் குறை சொல்லவில்லை. ஒன்றில் உழைப்பு முழுக்க மறைந்து போயிருக்கிறது, இன்னொன்றில் உழைப்பைத் தவிர வேறெதுவுமே இல்லை. எனக்கு மெரினாதான் பிடித்திருக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் தலைவர்களுக்குச் சிலை உண்டு. தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தொழிலைக் கொண்டுவந்தவர்களைத் தெரிகிறது. தொழிலில் செத்தவர்களை?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். அங்கேயும் இருபதுக்கும் மேல். இவை பெரிய விபத்துகள், அதனால் தேதி ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேர், மூன்று பேர் என்று போகிறதே, அதற்கு யார் தேதி வைத்திருக்கிறார்கள்? என் சித்தி மருந்துக் கலவை அறைக்குப் பக்கத்து ரூமில் வேலை பார்த்தவர். நான் ஆறாவது படிக்கும்போது இறந்தார். மறுநாள் பேப்பரில் "பெண் உட்பட 3 பேர் பலி" என்று வந்தது. 'பெண்' என்றால் என் சித்தி. தீபாவளிக்கு எனக்கு முதல் பேன்ட் எடுத்துக் கொடுத்தவர். பேப்பரை மடித்துப் பீரோவுக்குள் வைத்திருக்கிறார் பாட்டி. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பெயர் அதில் இல்லை என்று நாங்கள் யாரும் இதுவரை சொல்லவில்லை.

மெரினா சிலைக்குப் பெயர் இல்லை என்றேனே, அது சிற்பம். நாலு பேர் எல்லா உழைப்பாளிக்கும் பொது, அதனால் பெயர் தேவையில்லை. ஆனால் செத்தவர் பொது ஆள் இல்லை. கீழ்வெண்மணியில் 1968-ல் எரிந்துபோன 44 பேரின் பெயரும் நினைவிடத்தில் வெட்டியிருக்கிறது. போபாலில் 1984 விஷவாயு விபத்துக்குப் பிறகு அந்த ஆலைக்கு எதிரே ஒரு தாய், குழந்தைகளோடு நிற்கிற சிலை வைத்தார்கள். ரூத் வாட்டர்மேன் என்ற டச்சு நாட்டுப் பெண் செய்தது. எங்கேயோ இருந்து ஒரு அம்மா வந்து சிலை செய்ய மனசு வந்தது. நமக்கு நம் ஊரில் ஒரு கல் நட மனசு வராதா?

இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது நண்பர்கள் எதிர்த்தார்கள். "சிலைக்குச் செலவு பண்ற காசைச் செத்தவங்க பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமே" என்றான் ஒருவன். கொடுக்கட்டும், அதை முதலில் கொடுக்கட்டும். ஆனால் நிவாரணத் தொகை கொடுத்த அன்றோடு அந்த ஆள் கணக்கு முடிகிறது. கல்லில் பெயர் இருந்தால் அடுத்த வருடமும் படிக்க வேண்டியிருக்கும். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசர் படிப்பார், முதலாளி படிப்பார். ஒரு ரூமில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருப்பதைப் போர்மேன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்.

இன்னொருவன் பயந்தான்: "ஏற்கெனவே 2018-ல சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசுன்னு சொன்னதுல இருந்து தொழில் ஆட்டம் காணுது. நீ வேற நினைவுச் சின்னம் வச்சா வெளியூர்க்காரன் பட்டாசே வாங்க மாட்டான்." அவன் பயம் புரிகிறது. தொழில் நின்றால் என் பீஸும் நிற்கும்; அம்மா பின்னுகிற சரத்தில்தான் என் செமஸ்டர் ஓடுகிறது. ஆனால் செத்தவர் பெயரைச் சொன்னால் படுத்துவிடுகிற தொழில் என்றால் கோளாறு கல்லிலா இருக்கிறது?

எப்படிப்பட்ட சிலை வைக்கலாம் என்றும் பேசினோம். தீப்பிழம்பு, கை தூக்கிய மனிதன் என்றெல்லாம் ஒருவன் நோட்டில் வரைந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சரம் பின்னுகிற ஒரு பெண் போதும். கை முழுக்க அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளி மாதிரி மின்னும் அல்லவா, அந்தக் கையை மட்டும் பளபளவென்று பாலிஷ் போட்டு விடலாம், மற்றதெல்லாம் கருங்கல். ஜிம் பாடி வேண்டாம். அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைய நெழல்ல உக்கார வைங்க" என்றார்.

சிலைக்கு இடம், அனுமதி, பணம் எல்லாம் பெரியவர்கள் காரியம். அதற்கு நாளாகும். பெயர்ப் பட்டியல் நம்மால் ஆகிற காரியம். நானும் சிவில் நண்பனும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை எங்கள் தெருவிலிருந்தும் அவன் ஊரிலிருந்தும் ஒன்பது பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நம் கல்லூரிக்குப் பஸ் வருகிற ஒவ்வொரு ஊரிலும் விசாரித்தால் எத்தனை வருமோ. பெயர், வயது, ஊர், பார்த்த வேலை, இறந்த தேதி - இந்த ஐந்தும் போதும். தேதி தெரியாவிட்டால் வருடம் போதும். நோட்டு யூனியன் ரூமில் செக்ரட்டரி மேசை டிராயரில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள்.