உருகி காப்பது எதனை?

கிளிநொச்சியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். நான்கு சில்லுகளும் இழுக்கும் டீசல் வண்டி ஒன்றை வாங்கியுள்ளாராம். பள்ளி விடுமுறைகளிற் குடும்பத்தோடு நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்பது அவர் எண்ணம். முன்புறத்தில் இருப்பதோ ஒரேயொரு மின்குதை. பின்னிருக்கைப் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கும், சாமான் வைக்கும் இடத்திலுள்ள சிறு குளிர்ப்பெட்டிக்கும், சில்லுக்குக் காற்றடிக்கும் பம்பிக்கும், இரவிற் கூடார விளக்குக்கும் அந்த ஒன்றிலிருந்தே கம்பி இழுத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

இழுக்கலாம். நாமும் ஒருமுறை அவ்வாறுதான் இழுத்தோம். அதன் விளைவை முதலிற் கூறிவிடுதல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓகஸ்ற் விடுமுறையில் வில்பத்துக்குப் புறப்பட்டோம். எமது மாமியார் நீரிழிவுக்காரர், இன்சுலின் ஏற்றுபவர். திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும்; உறைந்துபோகவும் கூடாது. ஐஸ்கட்டிப் பெட்டியை நம்புவதிலும் மின்னில் ஓடும் குளிர்ப்பெட்டியே நன்றென்று ஒன்றை வாங்கினோம். ஊரிலுள்ள கராச்சு ஒன்றில், முன்தட்டின் பின்னால் அக்குதைக்குச் செல்லும் கம்பியில் ஒரு கிளை எடுத்து, தரைவிரிப்பின் கீழாகப் பின்பக்கம் கொண்டுபோய் இரண்டு குதைகளைப் பூட்டித் தந்தார்கள். அரைமணி நேர வேலை. நமக்கும் மெத்த மகிழ்ச்சி.

ஏ-9 வீதியிற் போகும்போது பெட்டி ஒழுங்காகக் குளிர்ந்தது. அநுராதபுரம் தாண்டி, ஹுனுவிலகம வாயிலால் நுழைந்து, மாலையில் முகாமிட்டோம். எஞ்சினை நிறுத்திய சற்று நேரத்திற் பெட்டியும் நின்றது. ஒரு நிமிடம் கழித்து ஓடிற்று, மறுபடி நின்றது. இரவெல்லாம் இதே கூத்து. விடியற்காலையிற் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெளிக்காற்றின் சூடுதான். மாமியார் கையிலெடுத்துப் பாவித்துக்கொண்டிருந்த குப்பிக்குப் பழுதில்லை. திறந்து பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்திற் கிடக்கலாம். உபரியாகக் கொண்டுபோனவற்றையே நம்ப முடியாமற் போயிற்று. பயணத்தைச் சுருக்கித் திரும்பினோம்.

திரும்பும் வழியில், மணற்பாதைக்காகக் குறைத்திருந்த சில்லுகளுக்குக் காற்றடிக்கப் பம்பியை மற்றக் குதையிற் செருகினோம். உருகி போய்விட்டது. புதிய உருகி மாட்டினோம். மூன்றாவது சில்லில் அதுவும் போயிற்று. வழியிலிருந்த ஒரு கராச்சில் நிறுத்தினோம்.

“பியூஸ் சின்னன் ஐயா. பெரிசாப் போட்டால் சரி வரும்” என்று, 15 அம்பியர் உருகி இருந்த இடத்தில் 30 அம்பியர் உருகியை அழுத்திவிட்டார் அங்கிருந்தவர். காசும் வாங்கவில்லை, பாவம்! மிச்சச் சில்லுகளுக்கு அங்கேயே காற்றடித்தோம். குளிர்ப்பெட்டியும் கூடவே ஓடியது. மறுபடியும் வீதியில் ஏறிப் பத்து நிமிடம் சென்றிருக்காது.

“அப்பா, ஏதோ எரியிற மணம் வருது” என்றான் பின்னால் படுத்திருந்த மகன்.

வண்டியை ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கி, எஞ்சின் மூடியைத் தூக்கி, 10 மில்லிமீற்றர் சாவியாற் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றினோம். சாவி வண்டியில் இருந்தது நல்வினைப்பயன். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, இருக்கைத் தண்டவாளம் நெரித்த இடத்திற் கம்பியின் மேலுறை பாகுபோல் இளகிச் செம்பு வெளியே தெரிந்தது. விரிப்பின் அடிப்புறம் கருகியிருந்தது. அந்த இடத்துக்கு ஒரு சாண் மேலேதான் பிள்ளையின் தலை இருந்தது.

அன்று நிகழ்ந்தவற்றுள் எதுவும் விந்தையன்று. க.பொ.த. வகுப்பு மாணவர் எவரும் கடதாசியிற் கணக்கிட்டுச் சொல்லியிருக்கக் கூடியதே. கிளைக்கு இட்ட கம்பி 0.75 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ளது. முன்னாலிருந்து பின்னுக்கு 5 மீற்றர். மின் திரும்பிவர இன்னுமொரு 5 மீற்றர். பத்து மீற்றர் செப்புக்கம்பி இந்தப் பருமனில் ஏறக்குறைய 0.23 ஓம் தடை தரும். அற்பம் என்று தோன்றும். குளிர்ப்பெட்டி 5 அம்பியர் இழுக்கும்போது, ஓமின் விதிப்படி, 1.15 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். வண்டி ஓடும்போது மின்பிறப்பாக்கி 14 வோல்ற்று வரை கொடுப்பதால் இந்த இழப்பு தெரியவில்லை. எஞ்சின் நின்றதும், பாதியளவு மின்னேற்றமுள்ள பற்றறி 12.2 வோல்ற்றுத்தான் கொடுத்தது. பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 11 வோல்ற்றளவு. பற்றறி வற்றிவிட்டதென்று கருதிப் பெட்டியின் காவற்சுற்று அதனை நிறுத்தியது. நின்றவுடன் ஓட்டம் இல்லை, இழப்பும் இல்லை, வோல்ற்றளவு ஏறியது, மறுபடி ஓடிற்று. பெட்டியிற் குற்றமேயில்லை.

பம்பி வேறு கதை. அது ஏறத்தாழ 15 அம்பியர் இழுப்பது. பெட்டியுடன் சேர்ந்து 20. வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக ஏறும் என்பதை மாணவர் அறிவர். 5 அம்பியரில் அக்கம்பி முழுவதிலும் 6 வாற்றுக்கும் குறைவான வெப்பமே. 20 அம்பியரில் 90 வாற்றுக்கு மேல். அந்த வெப்பம் விரிப்பின் கீழே அடைபட்டுக் கிடந்தது. தண்டவாளம் நெரித்த இடத்தில் உறை முன்னரே நைந்திருந்தது. 15 அம்பியர் உருகி இருந்தவரையில் அது தன் உயிரைக் கொடுத்துக் கம்பியைக் காத்தது. நாமோ அந்தக் காவற்காரனை அகற்றிவிட்டு, கண்ணிருந்தும் பாராத ஒருவனை நிறுத்தினோம்.

உருகி என்பது குளிர்ப்பெட்டியையோ பம்பியையோ காப்பதற்காக இடப்படுவதன்று. கம்பியைக் காப்பதற்காக இடப்படுவது. ஆகவே அதன் அளவைத் தீர்மானிப்பது கம்பியின் பருமனே. உருகி அடிக்கடி போகுமானால் கம்பியை மாற்ற வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். பழைய வீடுகளில் உருகிக்கம்பி அறுந்ததும் இருட்டில் ஒரு செப்பிழையை மடித்து முறுக்கி மாட்டிவிடும் கைவைத்தியம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அதே கைவைத்தியம் வண்டிக்குள்ளும் ஏறியிருக்கிறது.

12 வோல்ற்றுத்தானே, தொட்டாலும் ஒன்றும் செய்யாதே என்று பலர் எண்ணுகிறார்கள். தொட்டால் ஒன்றும் செய்யாதென்பது மெய்தான். ஆனால் வோல்ற்று குறையுந்தோறும் அதே வேலைக்கு அம்பியர் கூடவேண்டும். வீட்டில் 1000 வாற்றுக் கேத்தல் 230 வோல்ற்றில் நாலரை அம்பியருக்குள் அடங்கும். அதையே வண்டியில், 12 வோல்ற்றை 230 ஆக மாற்றித்தரும் ‘இன்வேற்றர்’ பெட்டியாற் கொதிக்கவைத்தால் பற்றறியிலிருந்து 83 அம்பியர் வரவேண்டும். மாற்றும்போது ஏற்படும் இழப்பு வேறு. டீசல் எஞ்சினைச் சுழற்ற 200 அம்பியருக்கு மேலும் கொடுக்கவல்ல பற்றறி, வண்டியின் உடலில் உராய்ந்த கம்பி ஒன்றின் வழியே எவ்வளவு கொட்டும் என்று எண்ணிப் பாருங்கள். வீதியோரத்தில் எரிந்து கிடக்கும் வண்டியைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்த விரிப்பு நினைவுக்கு வருகிறது.

முன்தட்டுக் குதை பிறந்த கதையையும் அறிந்திருத்தல் வேண்டும். அது சுருட்டுப் பற்றவைக்கும் சூட்டுச்சுருளுக்காக அமைந்தது. சில விநாடிகள் சூடேறி, துள்ளி வெளியே வருவதே அதன் தொழில். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு அந்தச் சூடு போதுமோ என்பது வேறு விடயம்! மணிக்கணக்கில் ஓட்டம் கடத்தவோ, குலுங்கும் பாதையிற் செருகியைப் பற்றிப் பிடிக்கவோ அதனை எவரும் வகுக்கவில்லை. அதற்குள்ள கம்பியும் அந்த ஒன்றுக்கே அளவானது.

வீடு திரும்பிய பின் நாம் செய்வித்த புதிய அமைப்பு இது. பற்றறியின் நேர்முனையிலிருந்து தனியாக ஒரு கம்பி, 4 சதுர மில்லிமீற்றர். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 அம்பியர் உருகி. இந்தத் தூரம் மிக முக்கியம்: உருகிக்கும் பற்றறிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் எதுவுமில்லை, ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. பின்பக்கத்தில் ஒரு சிறு உருகிப்பெட்டி; அங்கிருந்து ஒவ்வொரு குதைக்கும் தன் தன் உருகி, 10 அம்பியருக்கு மேற்படாமல். பத்து மீற்றருக்கு இப்பொழுது தடை 0.043 ஓம், குளிர்ப்பெட்டி ஓடும்போது இழப்பு கால் வோல்ற்றுக்கும் குறைவு. பெட்டி அன்றிலிருந்து விக்கவில்லை.

கம்பி வாங்கும்போது கடைக்காரர் வீட்டு வேலைக்கான 7/0.85 கம்பியை நீட்டக்கூடும். பரப்பு ஏறக்குறைய 4 சதுர மில்லிமீற்றர்தான், கணக்குச் சரி. ஆனால் அதில் இருப்பவை ஏழு தடித்த இழைகள். சுவருக்குள் அசையாது கிடப்பதற்கு அவை ஏற்றவை. குலுங்கும் வண்டியில் நாளடைவில் இழைகள் முறியும். நுண்ணிழைகள் பல சேர்ந்த வாகனக் கம்பியையே கேட்டு வாங்குக. மேலுறையின் தடிப்பைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். உறை தடித்துச் செம்பு மெலிந்த கம்பிகள் கடைகளில் உண்டு.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கம்பி நுழையும் துளையின் விளிம்பு கத்திபோன்றது. அதற்கு இறப்பர் வளையம் இன்றியமையாதது. புகைபோக்கிக்கு அருகிலும், இருக்கை நகரும் தண்டவாளத்தின் கீழும் கம்பி செல்லலாகாது. மஞ்சள் உறையிட்ட கம்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றுக்குக் கிட்டவும் போகவேண்டாம்.

எதிர்முனைக்கு வண்டியின் உடலையே பாவிக்கலாம். வர்ணத்தைச் சுரண்டி வெறும் உருக்கு தெரிந்த பின்பே ஆணி பூட்ட வேண்டும். 1948இல் வெளிவந்த லான்ட் றோவரும் அதன் வழிவந்த டிபென்டரும் அலுமினியக் கலப்புலோக உடல் கொண்டவை. செப்பும் அலுமினியமும் ஈரத்திற் சேர்ந்தால் அரிப்புண்டாகும். அத்தகைய வண்டியில் எதிர்க்கம்பியையும் பற்றறி வரை கொண்டுபோவதே உத்தமம். இன்னொன்று: 1960களின் நடுப்பகுதி வரையில் வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் உடலோடு இணைந்திருந்தது நேர்முனை. பாட்டனார் காலத்து வண்டியைப் பேணிவரும் அன்பர்கள் தொடுமுன் பார்த்துக்கொள்க. சில ஜப்பானிய டீசல் வண்டிகளில் இரண்டு பற்றறிகள் தொடராக நின்று 24 வோல்ற்றுத் தரும். அவற்றில் ஒன்றிலிருந்து மாத்திரம் 12 வோல்ற்று எடுப்பது அந்த ஒன்றை நாளடைவிற் கொன்றுவிடும்.

சாவியை எடுத்த பின்னும் எவை ஓட வேண்டும், எவை நிற்க வேண்டும்? குளிர்ப்பெட்டிக்கு நித்திய மின் வேண்டும். பிள்ளைகளின் யூ.எஸ்.பி. குதைகளுக்கு வேண்டாம்; அவற்றை ஒரு றிலே வழியாக இணைக்கலாம். றிலே என்பது சிறு ஓட்டத்தினாற் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த ஆளி. 30, 85, 86, 87 என்று அதன் கால்களிற் பொறித்திருக்கும். 30இற் பற்றறி, 87இற் குதை, மற்ற இரண்டுக்கும் நடுவே சாவியோடு எழும் மெல்லிய கம்பியும் பூமியும்.

இனி இரவுக் கணக்கு. வெப்பமான இரவிற் பெட்டி பாதி நேரம் ஓடுமென்று கொண்டால் பத்து மணி நேரத்தில் 25 அம்பியர்-மணி போகும். 70 அம்பியர்-மணிப் பற்றறி ஓரிரவைத் தாங்கும். வண்டியை அசைக்காமல் இரண்டாம் இரவும் தங்கினால் விடியலில் எஞ்சின் உயிர்பெறுவது ஐயம். காட்டுக்குள் இரண்டிரவு தங்குபவருக்குத் தனிப் பற்றறி ஒன்று வேண்டும். அதற்கு மின்னேற்றும் முறை நீண்ட விடயம். பிறிதொரு கிழமை எழுதுவோம்.

கிளிநொச்சி அன்பருக்கு: பம்பியைக் குதையிலே செருகவே வேண்டாம். கவ்விகளுள்ள பம்பி வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு, நேரே பற்றறியிற் கவ்வுங்கள். கூடார விளக்கும் கைப்பேசிகளும் சில்லறைச் செலவினங்கள்; எந்தக் குதையும் தாங்கும். குளிர்ப்பெட்டிக்கு மட்டும் மேலே சொன்ன தனிவழி. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருசேர ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கம்பி நெடுகிலும் கைவைத்துப் பாருங்கள். பின் பல்மானியாற் பற்றறியிலும் குதையிலும் அளந்து, இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ற்றுக்குள் இருக்கிறதா எனக் காணுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளக்கலாம்; நம் வீட்டில் இப்போது அந்தப் பல்மானி மகனிடமே இருக்கிறது.

வரும் கிழமை, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பாலும் மருந்தும் என்ன ஆகின்றன என்பது பற்றி.