விதியா, பணியா?

இலக்கண விதிகளை உணர்ந்து கற்பதையும், பொருள் விளங்கும் பேச்சையும் எழுத்தையும் எதிர்கொள்கையில் மொழி தானாகப் படிவதையும் வேறுபடுத்திய மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன், பின்னதை 'ஈட்டல்' எனக் குறித்து, கற்பவரின் நிலைக்குச் சற்றே மேற்பட்ட, ஆயினும் புரியக்கூடிய உள்ளீடே அதற்கு அடிப்படை என்றார். இதற்கு நெருக்கமான எண்ணத்தை, மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் வகுப்பறையிலேயே சோதித்தது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஓர் ஊரை அடைய எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பது போன்ற பணிகளே அங்குப் பாடம். ஆசிரியர் முதலில் வகுப்போடு பேசிப்பேசி ஒன்றைத் தீர்ப்பார், அதைப் போன்ற மற்றொன்றை மாணவர் தனியே செய்வர், கவனமோ விதியில் அல்லாமல் விடையில் இருக்கும். உள்ளீடு மட்டும் போதாது என்பதும் உண்மையே: கனடாவில் பிரெஞ்சு வழியே பல்லாண்டு பயின்றவர்களின் பேச்சில் இலக்கணத் திருத்தம் குறைந்திருந்ததைக் கண்ட மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன், மாணவரே பேசி எழுதும் 'வெளியீடு' இன்றியமையாதது என 1985இல் வாதிட்டார். ஆனால், நெட்டுரு விடைக்கு மதிப்பெண் வழங்கும் தேர்வு உள்ளவரை இத்தகைய எந்தக் கோட்பாடும் ஆசிரியர் பயிற்சி முகாமைத் தாண்டி வகுப்பறைக்கு வராது. ஆகவே, பாடநூலுக்கு முன்பாக வினாத்தாளையே பாடத்திட்ட வல்லுநர்கள் திருத்தட்டும்.