பந்தி எண்ணெய்

நம் சங்க விழாப் பந்தியில் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? சர்க்கரை வியாதிக்காரர்கள் பாயசத்தைத் தள்ளிவைப்பார்கள். வனஸ்பதி வடையை விடமாட்டார்கள்!

2017-ல் வெளியான ஓர் ஆய்வு 10 நாடுகளில் 39,740 பேரின் விவரங்களை அலசியது. ரத்தத்தில் லினோலிக் அமிலம் மிகுந்தவர்களுக்கு, குறைந்தவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு. (தொடர்புதான், அதுவே காரணம் என்று இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது.) நம் உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத அந்த அமிலம், நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் உண்டு. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் விதி, நல்லதுதான். ஆனாலும் அது பெரும்பாலும் பாமாயிலே.

அதற்காக நல்லெண்ணெயைச் சோற்றில் கொட்டிக்கொள்ள வேண்டாம். எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி.

சமையல் ஒப்பந்தக்காரரிடம் செயற்குழு எழுதி வாங்கட்டும்: வனஸ்பதி கூடாது, பொரித்த எண்ணெயை மறுநாள் அடுப்பில் ஏற்றக்கூடாது. இலைக்குச் சில ரூபாய் கூடலாம். என் பங்கைத் தரத் தயார்.