கிருமி எங்கள் குணமல்ல

மூணாம் மாசம். தண்ணி குடிச்சாலும் வாந்தி, எச்சிலை முழுங்கினாலும் வாந்தி. 46 கிலோ இருந்த நான் 41க்கு வந்துட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒண்ணுக்குப் போனாலே அதிசயம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மசக்கைதான். எல்லாருக்கும் வர்றது. மனசைத் தெம்பா வச்சுக்க." எடை பார்க்கவில்லை, சிறுநீர் சோதிக்கவில்லை.

மயங்கி விழுந்த பிறகுதான் படுக்கை கிடைத்தது. மலத்தைச் சோதித்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி இருந்தது. என்னைவிடச் சின்ன வயசு நர்சம்மா கேட்டார்: "நீ எந்தத் தெரு? ஓ, அங்கயா! சுத்தமா இருந்தா இது ஏன் வருது?"

முதலில் மனசைக் குற்றம் சொன்னார்கள். பிறகு தெருவைச் சொன்னார்கள். மருத்துவத்துக்கு இது பழைய பழக்கம். வயிற்றுப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமும்தான் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

கர்ப்பிணியின் கடும் வாந்திக்கு, 'உள்மனசு பிள்ளையை வெறுக்கிறது' என்று எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். கருவிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு உண்டென்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிற்றில் இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு வாந்தி கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்கின்றன பல ஆய்வுகள். ஆனால் கிருமி மட்டுமே காரணமல்ல. உலகில் ஏறக்குறைய பாதிப்பேர் வயிற்றில் அது இருக்கிறது. நர்சம்மா வயிற்றிலும் இருக்கலாம்!

பெரும்பாலும் சிறுபிள்ளையிலேயே தொற்றிவிடும். நெருக்கியடித்த வீடு, கழிப்பறையில்லாத தெரு, கெட்ட தண்ணீர் இருக்கிற இடத்தில் அதிகம். இதில் எதை நாங்கள் கேட்டு வாங்கினோம்? ஊர்ச் சாக்கடையைச் சேரிப்பக்கம் இறக்கியது யார்? 1927இல் அம்பேத்கர் மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. இந்த நாட்டில் எங்களைப் பார்த்தா 'சுத்தமா இரு' என்கிறீர்கள்?

தோழர்களே, மாணவர்களே! உங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணி இப்படிக் கிடந்தால் 'மசக்கை' என்று விட்டுவிடாதீர்கள். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், சிறுநீர் சுண்டினால், அது நோய். கூடவே போங்கள். எடை பார், கீட்டோன் சோதி, சலைன் ஏற்று, வாந்திக்கு மருந்து கொடு என்று கேளுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்கிற பி1 ஊசியைக் கேளுங்கள். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். கிருமிக்கான மருந்தைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான் தருவார்கள். அவர்கள் மறப்பார்கள், நாம் மறக்கக்கூடாது.

நான் பிழைச்சேன், பிள்ளையும் பிழைச்சா. பிரசவத்துக்கு அப்புறம் 14 நாள் மாத்திரை தின்னேன், கிருமி போச்சு. எங்க தெருக் குழாய் மட்டும் இன்னும் சாக்கடைக்குள்ளதான் நிக்குது. என் மக அதுலதான் தண்ணி குடிக்கிறா.