பரிட்சைக்கு வராத மீக்கடத்தல்

கீழப்பழுவூர் ரோட்டில் ஒரு சிமென்ட் லாரி படுத்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாக அடுக்கிய பெக்கார்டு உப்பிலும் எலக்ட்ரானுக்கு இதே கதிதான் மக்களே! சுமார் 12 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு வந்து, மின்சாரம் நின்றுவிடும்.

1979-ல் பிரான்சில் ஜெரோம் குழுவினர் அதைச் சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினார்கள். பக்கத்துச் சங்கிலிக்குத் தாவ எலக்ட்ரானுக்கு வழி கிடைத்தது. காந்த ஒழுங்கு குலைந்தது. சுமார் 0.9 கெல்வினில் மீக்கடத்தல்!

நம் வகுப்போ 1957-ன் பிசிஎஸ் கோட்பாட்டோடு கடையைச் சாத்துகிறது. அணு அதிர்வுதான் எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்குமாம். அப்படியானால் காந்தத்துக்குப் பக்கத்து வீட்டில் மீக்கடத்தல் ஏன் குடியிருக்கிறது? கேட்டால், "பரிட்சைக்கு வராது".

1987-ல் தாமிர ஆக்சைடுகளுக்குக் காந்த வழி ஜோடியை ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதியவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி.பாஸ்கரன். அதையாவது சொல்லித் தரக்கூடாதா?

மார்க் போனால் போகட்டும். கேள்வியை விடாதீர்கள்.