பயத்தை உட்கார வைத்துப் பார்ப்போம்!



ஹாஸ்டலில் ஒருவன் விடியற்காலையில் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நாம் சும்மா விடுவோமா? “என்னடா மாப்ளே, சாமியாராப் போகப் போறியா?” என்று கேலி செய்வோம். நானும் அப்படிக் கேலி செய்தவன்தான். ஒருநாள் காரணம் கேட்டேன். “ராத்திரி தூக்கம் வரலடா. அம்மா பட்டாசு வேலைக்குப் போறாங்க. எங்க வெடிச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடங்குது” என்றான். அதற்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

முக்தி வேண்டித் தியானம் செய்கிறவர்கள் சிலர்தான். தூக்கமின்மை, கோபம், அரியர்ஸ் கவலை, பயம்... பலரை உட்கார வைப்பது இவைதான்.

இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். மதுரையில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தார். 1896 ஜூலையில், 16 வயதில், நோய்நொடி எதுவும் இல்லாமலே திடீரென்று மரணபயம் பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கைகாலை நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, ‘சாவது எது?’ என்று தனக்குள்ளே விசாரித்தார். பயம் விலகியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவர்தான் ரமண மகரிஷி!

நாம் எல்லோரும் ரமணர் ஆக வேண்டாம். பயம் வந்தால் ஓடாமல் அதை நேருக்கு நேர் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனித்தால் மூச்சு நிதானப்படும், இதயத் துடிப்பு குறையும். ஹார்வர்டு டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் இதை ஆராய்ந்து 1975-ல் புத்தகமே எழுதினார். மனசு அலையத்தான் செய்யும். திட்டாமல் திரும்பக் கூட்டி வருவதே பயிற்சி. சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய அதிர்ச்சி கிளம்பும். அவர்கள் டாக்டரைப் பார்ப்பது நல்லது. அரியர்ஸும் தியானத்தால் தானாக கிளியர் ஆகாது. புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2024 மே 1-ல் நம் காரியாபட்டி பக்கத்து ஆவியூரில், கல்குவாரி வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், “எல்லாம் விதி, மனசை அமைதியா வச்சுக்கோங்க” என்று சொல்வது தியானமா? வாயை அடைக்கிற வேலை!

தெளிந்த மனசு கேள்வி கேட்கும். ஒரு அறையில் எத்தனை பேர்? மருந்து எவ்வளவு? நாளைக்கு டிப்ளமோ வாங்கி சூப்பர்வைசராகப் போகப்போகிறவர்கள் நாம். இந்தக் கேள்விகளை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

என் நண்பன் இப்போதும் காலையில் உட்காருகிறான். பக்கத்தில் நானும். கண் திறந்ததும் அவன் அம்மாவுக்குப் போன் போடுகிறான். “ஷெட்டுல நேத்து எத்தனை பேரும்மா?” என்பதுதான் முதல் கேள்வி.

நண்பர்களே! தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடுவோம். மீதி நேரமெல்லாம் கண்ணைத் திறந்தே வைத்திருப்போம்!